புள்ள இல்லாத ட்ரையல்

இந்து,

நீ கண்ண மூடி நாலு மாசம். பாப்பா இன்னும் இலுப்பூர்ல ஒங்கக்கா வீட்டுலதான் இருக்கா. "நேரத்துக்குக் கெளப்பி ஸ்கூல்ல விடுவீங்கன்னா கூட்டிட்டுப் போங்க தம்பி"ன்னாங்க ஒங்கக்கா.

நீ இருந்தப்ப நான் காலையில பம்பு மேனுவலப் படிச்சுக்கிட்டு ஒக்காந்துருப்பேன். நீ பாப்பாவுக்குச் சோத்து டப்பாவக் கட்டிட்டு, "இன்ஜினியர் சார், வண்டிய எடுக்குறீங்களா?"ன்னு வாசல்ல நின்னு நக்கலடிப்ப. அந்தக் கொரல் கேட்டாத்தான் எந்திரிப்பேன்.

எந்த மெஷினையும் லோடு இல்லாமத்தான மொதல்ல ஓட்டிப் பாப்போம்? அதான் புள்ள இல்லாமயே ட்ரையல் பாத்தேன். மொத நாள் சோறு கொழைஞ்சு, ஒம்பது மணி ஸ்கூலுக்கு, கேட்டுக்குப் போறப்ப மணி ஒம்பதரை. தெனமும் அஞ்சு நிமிஷமாக் கொறைச்சேன். "என்ன சார், டப்பா வந்துருச்சு, புள்ளய எங்க?"ன்னு வாட்ச்மேன் சிரிச்சாரு. நேத்து எட்டே முக்காலுக்கே போயிட்டேன்.

ஒடனே ஒங்கக்காவுக்குப் போன் போட்டேன். பாப்பா எடுத்தா.

"அப்பா, அம்மா மாதிரி வலிக்காமச் சடை பின்னுவீங்களா?"

அத நான் பழகவே இல்ல, இந்து. "வலிக்கும் பாப்பா"ன்னேன்.

அதுக்கு அவ சொன்னா: "நான் அழுதாலும் நிறுத்தாமப் பின்னிருங்கப்பா. லேட்டாயிரும்."

ஞாயித்துக்கெழம கூட்டியாரப் போறேன்.

இப்பவும்
ஒன் வீட்டுக்காரன்தான்