கம்ப்யூட்டருக்கு நான் தைத்த உறை

அன்பு மகள் சுண்டுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அப்பா சுகம், உன் கம்ப்யூட்டரும் இப்போது சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் அடித்தாலே உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். இது அவர் காதில் விழக் கூடாத சங்கதி. படித்து முடிக்கும்வரை கோபப்படாதே, முடித்த பிறகும் கொஞ்சமாகப் படு.

உன் கம்ப்யூட்டர் திடீரென்று நின்றுபோனதே, மாடி வீட்டு டீச்சர் புது வாஷிங் மெஷினைப் போட்டதும் வோல்டேஜ் இறங்கிவிட்டது, அதனால்தான் என்று அப்பா சொன்னார் அல்லவா, அது முழுப் பொய். தப்பு முழுக்க என்னுடையது. நீ வெளியூர் கிளம்பும்போது படித்துப் படித்துச் சொன்னாய். ஆற்று மணல் எப்படி நகர்கிறது என்று அது இரண்டு மாதம் ஓயாமல் கணக்குப் போடும், அதை நம்பித்தான் உன் பட்டமே, யாரும் அணைக்கக் கூடாது, தொடக் கூடாது, மூடக் கூடாது என்றாய். நான் அணைக்கவில்லை, சத்தியமாகத் தொடவும் இல்லை. ஆனால் நீ போன மறுவாரமே என் தையல் மெஷினை உன் அறைக்கு மாற்றிவிட்டேன். உன் ஜன்னல் வெளிச்சம் வீட்டில் வேறெங்கும் கிடையாது, ஊசியில் நூல் கோர்க்கக் கண்ணாடியே வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு நாற்பது போர்வை தைத்துத் தருவதாக வேறு ஒப்புக்கொண்டிருந்தேன். பஞ்சும் பிசிறும் பறக்கத்தான் செய்தன. கம்ப்யூட்டரோ தரையில் என் காலடியில் இருந்தது. பிள்ளையின் பொருளில் தூசி படிகிறதே என்று மனசு கேட்காமல் மிச்சத் துணியில் அதற்கு ஒரு உறை தைத்தேன். உள்ளே பஞ்சு வைத்து, ஓரத்தில் சுருக்கம் கொடுத்து, வயர் வெளியே வர இரண்டு காஜாவும் எடுத்தேன். மூடக் கூடாது என்று நீ சொன்னது பெட்டியில் போட்டு மூடுவதைத்தான் என்று நானே ஒரு அர்த்தம் பண்ணிக்கொண்டேன். நான் தைத்ததிலேயே அளவு கச்சிதமாக அமைந்தது அதுதான், அதை மட்டும் நீ ஒப்புக்கொண்டே ஆகவேண்டும்.

பத்து நாளில் அது இரைய ஆரம்பித்தது. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர் காதுக்குத் தப்புமா, மேடேறும் வண்டி மாதிரி முக்குகிறதே என்றார் அப்பா. பெரிய கணக்காக இருக்கும், யோசிக்கிறது, உங்களுக்கு அந்தச் சத்தம் பழக்கமில்லை என்று அவர் வாயை அடைத்தேன். வியாழக்கிழமை மத்தியானம் இரைச்சல் நின்றது. அப்பாடா என்று ஒரு போர்வையை நிம்மதியாகத் தைத்து முடித்தேன். அப்புறம்தான் என்னவோ போலிருக்க உறையை எடுத்தேன், பெட்டி இஸ்திரிப்பெட்டியாகச் சுட்டது, விளக்கும் அணைந்திருந்தது. உன் படிப்பையே கெடுத்துவிட்டேன் என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து நீ போன் செய்தாய். அப்பா என் முகத்தைப் பார்த்தார், மடியில் கிடந்த உறையைப் பார்த்தார், போனை எடுத்து ஒரு தடுமாற்றமும் இல்லாமல் வாஷிங் மெஷின் கதையை அவிழ்த்துவிட்டார்.

ரிப்பேர்காரர் வந்து பக்கத் தகட்டைக் கழற்றினால் உள்ளே விசிறியும் அதன் அடியில் இருந்த உலோகத் தகடுகளும் கண்ணுக்கே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் கம்பளம் விரித்த மாதிரி பஞ்சு அடைந்திருந்தது. அதை முழுசாக உரித்து எடுத்தார், நடுவில் என் போர்வையின் நீல நூல். "யாரும்மா இதுக்குள்ள தையல் போட்டது?" என்று கேட்டார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. சூடு தாங்காமல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவாகவே அணைந்துவிட்டதாம், உனக்கும் அந்தப் புத்தி இருந்தால் நேரத்துக்குப் படுப்பாய். வாசலுக்குத் தூக்கிப் போய், விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு காற்றடித்து, மெல்லிய பிரஷ்ஷால் துடைத்தார். இனி தரையில் வேண்டாம், ஸ்டூலில் வையுங்கள், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியிருக்கட்டும், முன்பக்க வலையை வாரம் ஒருமுறை காய்ந்த பிரஷ்ஷால் தட்டினால் போதும் என்றார். மறுபடி உயிர் வந்தது. நடுநடுவே சேமித்து வைத்ததால் இரண்டு நாள் கணக்குதான் போனது என்று நீ சொன்னபோது குளியலறைக்குப் போய் ஒரு பாட்டம் அழுதேன்.

அத்தோடு முடிந்திருக்கும், நீ விட்டாயா? உங்கள் மெஷினால் என் ஆராய்ச்சி பாழாகிறது என்று டீச்சருக்குச் செய்தி அனுப்பிவிட்டாய். ஐந்து நாளாக அவர் பின்பக்கக் குழாயடிக்கு வாளியோடு வந்து துவைத்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டு வலிக்காகத்தான் அந்த மெஷினையே வாங்கினார், கையில் பட்டை வேறு கட்டியிருந்தார். என்ன டீச்சர் என்று கேட்டேன். "உங்க பொண்ணு படிப்பு முடியட்டும், அதுவரைக்கும் கையாலயே துவைச்சுக்கறேன்" என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. வாளியை நான் வாங்கிக்கொண்டு, உறையையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். டீச்சர் உறையை வாங்கி உள்பக்கம் புரட்டித் தையலைப் பார்த்தார். பிறகு, என் மெஷினுக்கும் இதே மாதிரி ஒன்று தைத்துத் தருவீர்களா என்று கேட்டார், அப்போதுதான் சிரிப்பு வந்தது இரண்டு பேருக்கும். ஓடும்போது போடக் கூடாது என்று சொல்லித்தான் அளவெடுத்து வந்தேன். சாயங்காலமே மாடியில் மெஷின் ஓடியது. உன் கம்ப்யூட்டர் அசையவே இல்லை. உன் அப்பா மட்டும் பல்பை அண்ணாந்து பார்த்து, வெளிச்சம் கொஞ்சம் மங்குகிற மாதிரி இல்லையா என்று என்னிடமே கேட்கிறார்.

தையல் மெஷினைக் கூடத்துக்கு மாற்றிவிட்டேன், கண்ணாடி போட்டுக்கொண்டு தைக்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் முதல் வேலையாக டீச்சரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேள், செய்தி அனுப்பாதே, வாய் திறந்து கேள். எடுத்த காரியம் நல்லபடி முடிந்து, நீ நோய்நொடியில்லாமல் நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று, அப்பாவிடம் எதுவும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. முப்பத்தாறு வருஷத்தில் எனக்காக அவர் சொன்ன முதல் பொய், பலித்துவிட்டது என்று இன்னும் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறார்.

முத்தங்களுடன்,
உன் அம்மா