விறகுக்கு மூன்று பெயர்

அன்புள்ள மருமகள் நிறோஷினிக்கு,

ஸ்கீவயிலிருந்து மாமி எழுதுகிறேன். உங்கள் இருவரின் சுகத்துக்கும் மாதாவை மன்றாடுகிறேன். தொலைபேசியில் சொல்லலாம்தான். ஆனால் மாமா பக்கத்திலேயே இருப்பார். அவர் கேட்கத்தக்கதாக இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

இங்கே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. விறகு போதிய அளவு இருக்கிறது, அதை நினைத்துக் கவலைப்படாதே.

மாமாவின் மறதி உனக்குத் தெரியும். இப்போது அது மொழியிலும் கை வைத்துவிட்டது. இத்தனை வருடம் தொழிற்சாலையில் டேனிஷ் கதைத்த மனுஷன். போன மாரியில் அடுப்புக்கு விறகு கேட்டால் டேனிஷில் 'பிரென்ன' என்பார். பிறகு அந்தச் சொல் வரவில்லை, சிங்களத்தில் 'தர' என்றார். இளவயதில் குருநாகல் பேக்கரியில் விறகடுப்போடு நின்றவர், அந்தச் சிங்களம் எங்கேயோ ஒட்டிக்கிடந்திருக்கிறது. அதுவும் போய், இப்போது 'விறகு' மட்டும் மிச்சம். கடைசியாகப் படித்த மொழிதான் முதலில் போகுமாம், டொக்டர் சொன்னார்.

ஜெனிஸ்ரன் ஞாயிறுதோறும் அப்பாவுக்குத் தொலைபேசி எடுக்கிறான். அவன் டேனிஷில் கதைப்பான், இவர் 'யா, யா' என்பார். அப்பனும் மகனும் கதைக்கிறார்கள் என்று நானும் சந்தோஷமாகக் கறியைக் கிண்டிக்கொண்டிருப்பேன். போன ஞாயிறு சும்மா கேட்டேன், ஆர் எடுத்தது என்று. விறகு கொண்டுவாற பெடியன் எண்டார். விறகு கிடக்கு, வேண்டாம் எண்டு சொல்லத் தனக்கு டேனிஷ் வருகுதில்லை, ஆனாலும் நல்ல பெடியன், கிழமை தவறாமல் எடுக்கிறான் எண்டார். கொஞ்ச நேரத்தால், ஜெனிஸ்ரன் ஏன் எடுக்கிறதில்லை, எங்களோடை கோவமோ எண்டு கேட்டார்.

இதை அவனிடம் மெல்லச் சொல். அழுவான். அவனுடைய தமிழ் புட்டுக்கும் கத்தரிக்காய்ப் பொரியலுக்கும் மேலே போகாது என்று எனக்குத் தெரியாதா? பெரிதாக ஒன்றும் வேண்டாம். 'அப்பா, நான் ஜெனிஸ்ரன், சாப்பிட்டீங்களோ' என்று மட்டும் சொல்லப் பழக்கிவிடு. கொச்சையாக வந்தாலும் பரவாயில்லை.

நத்தார் பண்டிகைக்கு வரும்போது பார்ப்போம் என்று மட்டும் விட்டுவிடாதே. நேற்று அடுப்புக்கு முன்னால் நின்று, அதை எடு, அதை எடு எண்டு கையைக் காட்டினார். நான் விறகை எடுத்துக் கொடுக்கும்வரை அந்தச் சொல் அவருக்கு வரவேயில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

கர்த்தர் உங்கள் வீட்டைக் காப்பாராக. இந்த ஞாயிறு தொலைபேசி மணி அடித்தால் நான் எழும்ப மாட்டேன். மாமாவே எடுக்கட்டும்.

அன்புடன்,
மாமி பவளராணி