பெரிய படம் நுழையாத வழி

அனுப்புநர்
தொழில்நுட்பர், ஸ்கேன் பிரிவு,
கிளை மருத்துவமனை.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
மருத்துவமனைகளின் பொது நெட்வொர்க் அலுவலகம்.

பொருள்: ஸ்கேன் படங்கள் தலைமை மருத்துவமனைக்குச் சென்று சேராமை – புதிய நெட்வொர்க் முறையை மாற்றாமல் வழியை அகலப்படுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. புதிய முறையைத் தேர்ந்தெடுத்த தங்கள் பொறியாளர் என் உடன்பிறந்த தம்பி. இதை மறைத்து மனு எழுத எனக்கு விருப்பமில்லை. அவன்மீது புகார் சொல்லவும் நான் வரவில்லை. அதை வீட்டிலேயே சொல்லியாயிற்று.

2. எல்லா மருத்துவமனைகளின் தகவல்களும் ஒரே கேபிளில்தான் ஓடுகின்றன. ஒருவருடையது மற்றவரிடம் போய்விடாதிருக்க ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. பழைய முறையில் நாலாயிரத்துச் சொச்சம் எண்கள்தான். அவை தீர்ந்துபோனதால் எங்களைப் போன்ற சிறிய மருத்துவமனைகள் வெளியே நின்றோம். கோடிக்கு மேல் எண்கள் கொண்ட முறையைத் தம்பி கொண்டுவந்த பிறகே எங்களுக்கு இடம் கிடைத்தது.

3. தகவல் 'பாக்கெட்' என்னும் துண்டுகளாகவே போகும்; புதிய முறை ஒவ்வொரு பாக்கெட்டையும் இன்னோர் உறைக்குள் போட்டு, உறைமேல் எண்ணை எழுதி அனுப்புகிறது. உறை போட்டதும் பாக்கெட் பருத்துவிடுகிறது. நடுவழியில் பாக்கெட்டுகளைக் கைமாற்றிவிடும் சுவிட்சுப் பெட்டிகளோ பழைய அளவுக்கு மேல் எதையும் விடுவதில்லை. ஆகவே சிறியவையான நோயாளியின் பெயரும் வயதும் போய்ச் சேர்கின்றன. படம் மட்டும் சத்தமில்லாமல் காணாமல் போகிறது.

4. நான் புகார் செய்தபோதெல்லாம் தம்பி சின்னஞ்சிறு பாக்கெட்டை அனுப்பிச் சோதிப்பான். அது போய்ச் சேர்ந்ததும், "எல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா, உன் மெஷின்தான் மக்கர் பண்ணுது" என்று புகாரை மூடிவிடுவான். போன வாரம் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துவந்து என் நாற்காலியில் உட்காரவைத்தேன். முழு அளவுப் பாக்கெட்டுகளை அனுப்பிப் பார்த்தான். ஒன்றுகூடப் போகவில்லை. அவன் முகம் போன போக்கைப் பார்த்து, திட்டுவதற்கு வைத்திருந்ததையெல்லாம் விழுங்கிவிட்டேன்.

5. சுவிட்சுகள் விடும் பாக்கெட் அளவை உயர்த்தும்படி அன்றே அவன் எழுதிக் கேட்டான். அவற்றைப் பார்த்துக்கொள்ளும் கேபிள் பிரிவினர், பழைய முறைக்கே திரும்பிவிடலாம் என்கிறார்கள். திரும்பினால், உறை இல்லாததால் மற்றவர்களின் படம் போகும்தான். ஆனால் எங்களுக்கு எண் இருக்காது. மறுபடியும் வெளியே நிற்போம்.

6. எங்களிடம் மூளை மருத்துவர் இல்லை. சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட தச்சர் ஒருவரை, படத்தை எந்த மருத்துவரும் பார்க்காமலேயே தலைமை மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் ஏற்றினோம். அங்கே மறுபடியும் ஸ்கேன் எடுத்த பிறகே அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் தப்பினார், வலது கை இன்னும் அசையவில்லை. "படம் முன்னாடியே போயிருந்தா கை தப்பிச்சிருக்குமாம்மா?" என்று அவர் மனைவி என்னிடம் வந்து கேட்கிறார்.

ஆகவே, முறையை அப்படியே வைத்து, நடுவழிச் சுவிட்சுகளின் அளவை உடனே உயர்த்த உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். தம்பியைத் தண்டிக்க வேண்டாம். இனி அவன் பெரிய பாக்கெட்டை அனுப்பிப் பார்க்காமல் எந்தப் புகாரையும் மூடமாட்டான்.

இன்று காலையிலிருந்து இருவருக்குத் தலை ஸ்கேன் எடுத்திருக்கிறேன். இரண்டு படங்களும் இந்த அறையிலேயே இருக்கின்றன.

நாள்: திங்கட்கிழமை
இடம்: ஸ்கேன் அறை, கிளை மருத்துவமனை

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
தொழில்நுட்பர், ஸ்கேன் பிரிவு