ஒத்துப் பார்க்க எடுத்த ரத்தம்

10-2-84, வெள்ளி

அண்ணன் மகள் செல்லக்கிளிக்கு இன்று இடது கால் மரத்துவிட்டது. போன மாதம் கண் மங்கி, தானே தெளிந்தது. மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் என்று டாக்டர்கள் பேர் சொல்கிறார்கள். அவள் மாமியார் முனியாயி விளாங்குடியிலிருந்து கூட்டிவந்து, வில்லாபுரத்தில் என்னிடம் விட்டுப் போனாள். "ரத்தத்துல கோளாறு இல்லன்னு டாக்டர் சொல்லட்டும், கூட்டிட்டுப் போறோம்." கிளி இன்னும் பெட்டியிலிருந்து துணியை எடுத்து அடுக்கவில்லை.

14-2-84, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் இந்த நோயை ஆராய்ச்சி செய்கிற டாக்டரம்மா, பேர் விஜயம். பொறுமையாகச் சொன்னது: கரண்டு வயருக்கு மேல் ரப்பர் மாதிரி நரம்புக்கும் உறை உண்டாம். ரத்தத்தில் இருக்கிற வெள்ளை அணுக்களே தப்பாக அதைக் கடிக்குதாம். அதிலேயே இன்னொரு வகை இருக்காம். யாரும் ஏவாமலே, கெட்டுப்போன அணுவைப் பார்த்துக் கொல்லுமாம். இந்த நோய்க்காரர்களுக்கு அதன் வீரியம் கம்மி என்று சிலர் எழுதுகிறார்களாம். அதனால்தான் நோய் வந்ததா, நோய் வந்து அது கம்மியானதா, தெரியாதாம்.

"ஒத்துப் பாக்க நல்லா இருக்கவங்க ரத்தமும் வேணும். குடுக்குறீங்களாம்மா?"

செவ்வாய் வெள்ளி விரதம் இருக்கிற உடம்பு. "எடுத்துக்கங்க தாயி, சுத்த ரத்தம்" என்றேன். பிஸ்கட் கொடுத்தார்கள், தொடவில்லை.

கிளி வெளியே போனதும் மெதுவாகக் கேட்டேன். "என்னதை அவ பேர்ல எழுதிருங்க. பாவம் என் தலையோட போகட்டும்." முடியாது என்றுவிட்டார். இம்புட்டுப் படிச்சு என்னத்துக்கு? ஒரு பொட்டப்புள்ள வாழ்க்கைக்கு இதுகூட ஏலாதா?

19-2-84

கால் கொஞ்சம் தெளிச்சல். மாரியம்மனுக்கு நெய் விளக்கு.

2-3-84, வெள்ளி

"கிளிக்கு அந்த அணுவோட வீரியம் கம்மிதான்மா. உங்களுக்கு அதவிடக் கம்மி" என்றார் டாக்டரம்மா.

எனக்கா? இத்தனை விரதத்துக்கா?

"பயப்படாதீங்க. நல்லா இருக்கவங்கள்லயும் சில பேருக்கு இப்படி இருக்கும். இத மட்டும் வச்சு யாரையும் நோயாளின்னு பிரிக்க முடியாது."

கிளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அத்தை, நீ சொன்னாப்ல எழுதியிருந்தா என் மாமியா என்னைத் தலைமுழுகியிருக்கும்!"

அடி கள்ளி. கதவோரம் நின்று கேட்டிருக்கிறாள்.

4-3-84, ஞாயிறு

விளாங்குடிக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் முனியாயி, "அப்ப சீக்கு உனக்குத்தானா?" என்றாள்.

"இந்தா, பஸ்ஸுல தொங்கிக்கிட்டு வந்து நிக்கிறேன்ல? அவ காலு மரக்கும், தெளியும், மறுக்கா மரக்கும். தீந்துரும்னு டாக்டர் சொல்லல, நானும் சொல்ல மாட்டேன். ஆனா ரத்தத்து மேல பழியப் போடாத. வேணாம்னா வேணாம்னு சொல்லிரு."

கிளியின் புருஷன் காசிமாயன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பிசைந்த சோறு அப்படியே இருந்தது. "யோசிச்சுச் சொல்லி அனுப்புறோம்" என்றாள் அவன் ஆத்தா. ஒரு வாய் காப்பித்தண்ணி கொடுக்கவில்லை.

20-3-84, செவ்வாய்

டாக்டரம்மா இன்னொரு தடவை என் ரத்தம் கேட்டிருந்தார். போன வாரம் காசிமாயன் வந்து கிளியைக் கூட்டிப்போய்விட்டதால் தனியாகத்தான் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் கிளி கம்பு ஊன்றி நின்றாள், விளாங்குடியிலிருந்து வந்திருக்கிறாள். காசிமாயன் சைக்கிளில் கூட்டிவந்தானாம். ஊசியைப் பார்த்தால் மயக்கம் வரும் என்று அவன் வெளியிலேயே நின்றுகொண்டான்.

உள்ளே கிளி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அசையாத அத்தை. எறும்பு கடிச்சாப்லதான் இருக்கும்."

பிஸ்கட் கொடுத்தார்கள். பாதி பிட்டு நீட்டினாள். செவ்வாய்தான். தின்றேன்.