உன் பாலில் விஷம் இல்லை, அக்கா

என் அருமை அலமேலு அக்கா,

நீ இருந்த வீட்டிலிருந்துதான் எழுதுகிறேன். பவானிபூரில் அதே மாடி, அதே சமையலறை. நீ கண்மூடிய மறு வருஷம் அத்திம்பேருக்கே என்னை இரண்டாந்தாரமாகக் கட்டிவைத்தார்கள். உனக்குத் தெரியுமோ என்னவோ. இப்போது எனக்கு ஒரு பெண் குழந்தை. அவளைப் பற்றித்தான் உன்னிடம் சொல்லவேண்டும். பத்திரிகையில் வரட்டும் என்றே எழுதுகிறேன்; உன்னைப் பற்றிக் குசுகுசுவென்று பேசியவர்களும் படிக்கட்டும்.

பிறந்தபோது நன்றாகத்தான் இருந்தாள். பால் குடிக்கத் தொடங்கிய சில நாளிலேயே வாந்தி. வயிறு கல்லாக உப்பிவிடும், கழிச்சல் நிற்காது, கண்ணெல்லாம் மஞ்சள். உன் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் இப்படித்தானே ஆயிற்று? உன்னிடம் சொன்ன அதே வார்த்தையை மாமியார் என்னிடமும் சொன்னார். "அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே விஷப்பால்."

அப்புறம் எனக்குக் கடும் காய்ச்சல். குழந்தையை என்னிடம் விடவில்லை. கழிச்சலாக இருக்கிறதே என்று பார்லித் தண்ணீரை மட்டும் சங்கில் புகட்டினார்கள். அக்கா, அவள் வாந்தியே எடுக்கவில்லை! வயிறு தளர்ந்தது, நிம்மதியாகத் தூங்கினாள். காய்ச்சல் விட்டதும் ஆசையாக மார்போடு அணைத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

"பாலே வேண்டாம், பார்லியே கொடுக்கலாம்" என்றேன்.

"பெத்தவளே பட்டினி போட்டுக் கொல்லப் பாக்கறியா? உன் பால்தானே ஆகலை, பசும்பாலுக்கு என்ன கேடு?" என்று மாமியார் குழந்தையை வாங்கிக்கொண்டு போய்ப் பசும்பாலைப் புகட்டினார்.

மத்தியானத்துக்குள் குழந்தை துவண்டுவிட்டது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. பால் கட்டிக்கொண்டு என் மார்பு தெறிக்கிறது, ரவிக்கை நனைகிறது. கொடுத்தால் கொன்றுவிடுவேனோ? கொடுக்காமல் கொன்றுவிடுவேனோ? நீயும் இப்படித்தான் நின்றாயா, அக்கா? யாரிடம் போய்க் கேட்டாய்?

என் அகத்துக்காரர் ஆபீஸிலிருந்து ஓடிவந்து ஒரு டாக்டர் பாபுவை அழைத்துவந்தார். வயதான வங்காளி. வயிற்றை அழுத்திப் பார்த்தார், கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். இந்த வீட்டில் இதற்கு முன் இப்படிக் குழந்தை தவறியிருக்கிறதா என்று கேட்டார். அகத்துக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இரண்டு. என் அக்கா பெற்றவை" என்று கதவுக்குப் பின்னாலிருந்து எனக்குத் தெரிந்த வங்காளத்தில் நானே சொன்னேன்.

சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே எந்தப் பாலும் ஒத்துக்கொள்ளாது என்றார் டாக்டர். அப்பா வழி, அம்மா வழி இரண்டும் சேர்ந்து ரத்தத்தில் வருவதாக இருக்கலாம், தமக்கே நிச்சயமில்லை என்றார். பாலை அடியோடு நிறுத்தச் சொன்னார். கிளம்பும்போது "மாயேர் தோஷ் நொய்" என்றார்.

அகத்துக்காரர் எல்லாவற்றையும் தம் அம்மாவுக்குத் தமிழில் எடுத்துச் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் விட்டுவிட்டார்.

நான் கதவை விட்டு வெளியே வந்தேன். "இன்னொண்ணும் சொன்னார். தாயார் மேலே குத்தம் இல்லையாம். என் மேலேயும் இல்லை, அக்கா மேலேயும் இல்லை."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மாமியார் மிச்சமிருந்த பாலை எடுத்துப்போய் அங்கணத்தில் கொட்டினார்.

குழந்தை மெல்ல மெல்லத் தேறினாள். இப்போது கஞ்சித் தெளிவும் பயத்தம்பருப்புத் தண்ணீரும்தான் ஆகாரம். மெலிந்துதான் இருக்கிறாள், அவள் வயதுக் குழந்தைகள் தவழ்கிறார்கள், இவள் இப்போதுதான் உட்காருகிறாள். இன்னும் எத்தனை காலம் இந்தப் பத்தியம் என்று டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் வயிறு நிறைந்ததும் சிரிக்கிறாள், அக்கா.

நேற்று மாமியார் அவளை மடியில் வைத்துக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று, "அலமேலு குழந்தைகளுக்கும் இதையே குடுத்திருந்தா பொழைச்சிருக்குமோடி?" என்று கேட்டார். அதற்கு உன்னிடம் பதில் இருக்கிறதா, அக்கா?

நான் மறுபடி உண்டாகியிருக்கிறேன். இதற்கும் அப்படி வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் வாந்தியிலேயே பாலை நிறுத்துவேன், யார் தடுத்தாலும் சரி. உன் பேரையும் இந்த வீட்டில் குரலைத் தாழ்த்தாமல் சொல்வேன். சத்தியம்.

உன் தங்கை,
நீ பறிகொடுத்த இருவருக்கும் சித்தி,
கமலம்