பின்பெஞ்சுப் பாப்பா

பாப்பாவின் அப்பாவுக்கு,

பாப்பா போனபிறகு முடங்கிக் கிடந்த என்னை, தொடக்கப்பள்ளி ஆசிரியர் பட்டப்படிப்பில் சேர்த்துவிட்டீர்கள். இங்கே பயிற்சி வகுப்பில் தினம் ஒருத்தி டீச்சர். மற்றவர்களெல்லாம் ஆறு வயதுப் பிள்ளைகளாக நடிக்க வேண்டும். பேரன் பேத்தி எடுத்தவள்கூட மூக்கை உறிஞ்சுவாள், சிரிப்பாக வரும்.

முதல் நாள் நான் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டே, "மிஸ், எங்கப்பா எப்ப வருவாரு?" என்று கேட்டேன். நம் பாப்பாவின் குரலேதான்.

பேராசிரியை கைதட்டினார். "தினமும் இந்தப் பாப்பாவையே கூட்டிட்டு வாம்மா."

கூட்டிக்கொண்டுதான் போகிறேன்.

நாளைக்கு நான் டீச்சர். நான் எழுந்து கரும்பலகைக்குப் போனால், அவள் பின்பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பாள். மணி அடிப்பதற்கு முன்பே வாசலுக்கு வந்துவிடுங்கள். இந்தத் தடவையும் தாமதமானால், அவளே சாலையைக் கடக்கக் கிளம்பிவிடுவாள்.

பாப்பாவின் அம்மா