ரயிலு சைக்கிள்

மாத்தூர்
2-6-2024

மாமாவுக்கு ரமாபாய் எழுதுவது.

நானும் நம் பாப்பா மோகனப்ரியாவும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? ஜெயிலில் மனு போட்டு உன்னைப் பார்க்க வரவில்லை என்று வருத்தப்படுவாய். பக்கத்தில் பார்க்காமல் டிரெய்லர் லாரியை ஓட்டி, சைக்கிளில் போன மனிதரைக் கொன்றாய் என்று தீர்ப்பு வந்தது. நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அதனால்தான் வர மனசு வரவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டேன், வேண்டுமானால் கோபித்துக்கொள்.

சமையல் கான்ட்ராக்ட் வேலை நின்றுவிட்டது. உன் சைக்கிளை எடுத்து மாற்றிவிட்டேன். பட்டறை கௌசர் பாய் பின்பக்கத்தை அறுத்து, நடுவில் இரண்டடி இரும்புக் குழாய் வைத்துப் பற்றவைத்து, சக்கரத்தைப் பின்னால் தள்ளியிருக்கிறார். இரண்டு செயினை ஒன்றாகக் கோத்தாயிற்று. இரண்டு பக்கமும் காசிமேட்டு மீன் பெட்டி. ஒன்றில் தண்ணீர் கேன், இன்னொன்றில் தக்காளி சாதம். "இன்னா தங்கச்சி, சைக்கிளா இது? ரயிலு மாதிரி கீது" என்று அவரே சிரிக்கிறார். மணலி ரோட்டில் துறைமுகத்துக்குள் போகக் காத்துக் கிடக்கும் டிரெய்லர் வரிசையில் விற்கப் போகிறேன். வண்டியை விட்டு இறங்க முடியாமல் பசியோடு கிடப்பார்கள், உனக்குத் தெரியாததா.

ஜெய்பீம்.
ரமாபாய்

புழல்
9-6-2024

என் ரமாவுக்கு,

நீ திட்டி எழுதினாலும் உன் கையெழுத்தைப் பார்த்ததே போதும். ஆனால் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. வேறு எந்த வேலையானாலும் செய், அந்த வரிசைக்குள் மட்டும் போகாதே.

நீ கேட்க மாட்டாய். அதனால் சொல்கிறேன். நிழல் இருக்கிறதே என்று வண்டிகளின் இடது பக்கம் நுழையாதே. டிரைவர் உட்காருவது வலது பக்கம். இடது பக்கத்தைக் கிளீனர் எட்டிப் பார்த்துச் சொல்லவேண்டும், இப்போது பாதி வண்டியில் கிளீனரே கிடையாது. திரும்பும்போது தலை போன வழியில் வால் போகாது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். சைக்கிளில் வந்து என் வண்டியில் சிக்கிய அருள்நாதன் அங்கேதான் இருந்தார். நான் பார்த்தேன் ரமா, யாரும் இல்லை. அதை நீயே நம்பாதபோது கோர்ட்டைச் சொல்லி என்ன பயன்.

பாப்பாவைச் சைக்கிளில் ஏற்றாதே. அதில் ஒரு கம்பு நட்டு, சிவப்புத் துணி கட்டு. கேபின் கண்ணாடி உயரத்துக்கு இருக்கவேண்டும்.

வல்லரசு

புழல்
25-6-2024

ரமா,

ஏன் பதில் இல்லை? நேற்றுப் புதிதாக வந்த ஒருவன் சொன்னான், மணலி ரோட்டில் சைக்கிள்காரப் பொம்பளை, டிரெய்லர் பக்கத்தில் ஒரே ரத்தம் என்று. பேர் கேட்டேன், "யாருக்குத் தெரியும் நைனா" என்று போய்விட்டான். கண்ணை மூடினால் அந்தச் சக்கரம்தான் தெரிகிறது. என்னைப் பார்க்க வரவேண்டாம், நம்பவும் வேண்டாம். இருக்கிறேன் என்று ஒரு வரி எழுது.

வல்லரசு

மாத்தூர்
30-6-2024

மாமா,

நான் இருக்கிறேன். முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், மூச்சு விடு. அந்தச் சைக்கிள்காரி நான்தான். ஆனால் அடிபட்டது நான் இல்லை.

இடது பக்கம்தான் போனேன். வலது பக்கம் பஸ்ஸும் லாரியும் பறக்கின்றன, வேறு வழி இல்லை. திடீரென்று வரிசை நகர்ந்தது. நீ எழுதியது நினைவுக்கு வர, பயத்தில் ஓரமாகத் திரும்பினேன். திரும்புமுன் பார்த்தேன், யாரும் இல்லை. முன்சக்கரம் தாராளமாகப் போனது. பின்னால் இருந்த பெட்டி உள்ளே வெட்டி, இட்லி விற்கும் பச்சையம்மாவைத் தள்ளிவிட்டது. தடுமாறிச் சுழன்று அவள் விழுந்தது சைக்கிளுக்குப் பின்னால், டிரெய்லர் சக்கரத்துக்கு முன்னால். டிரைவர் என் சிவப்புத் துணியைப் பார்த்து அதற்குள் பிரேக் போட்டிருந்தான். அவளுக்கு முழங்காலில் தையலோடு போயிற்று.

"கண்ணை எங்கடி வச்சிகினு ஓட்ற?" என்று அழுதாள்.

"பார்த்தேன்க்கா, யாரும் இல்ல" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது உன் வார்த்தை என்று உறைத்தது. அங்கே நின்றவர்கள் ஒருவரும் நம்பவில்லை மாமா.

பெட்டியை உள்ளே தள்ளிக் கட்டித் தருவதாகக் கௌசர் பாய் சொன்னார். அதில் மறுபடி ஏறப் பயந்து, பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்தேன். இந்தப் பயத்தோடு உன்னைத் தனியாக விட்டிருந்தேனே.

நீ பார்த்துத்தான் ஓட்டினாய். வரும் வியாழக்கிழமைக்கு மனு போட்டிருக்கிறேன், பாப்பாவோடு பஸ்ஸில் வருகிறேன்.

உன் ரமாபாய்